மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் எந்த நல்ல காரியமும் நேரத்துக்குத் தொடங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. கிறிஸ்துமஸ் கேக்கில் கத்தியை வைத்த பிறகு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாடகத்துக்கு வேஷம் போட்டு மேடையில் நின்ற பிறகு, பின் பெஞ்சிலிருந்து, சபையே அக்கா என்று கூப்பிடுகிறவரின் குரல் வரும்.

"எல்லாம் வந்தாச்சா? இருங்க, இருங்க. ஒரு தல கொறையுது."

ஒரு தலை குறையத்தான் செய்யும். சபை என்று இருந்தால் யாராவது ஒருவர் யார்மேலாவது கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்களுக்கு அது நிம்மதி. அக்காவுக்கு மட்டும் ஆகாது. விரலை நீட்டி பெஞ்சு பெஞ்சாக எண்ணி, வராத ஆள் யார் என்று கண்டுபிடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் திரும்பி வரும்வரை கேக் அப்படியே இருக்கும். கேக்கைச் சுற்றிப் பிள்ளைகளும் ஈக்களும் இருக்கும்.

ஆண்டு விழாவுக்கு எடுத்த குரூப் போட்டோ ஒன்று எங்கள் எல்லோர் வீட்டிலும் மாட்டியிருக்கிறது. அன்று போட்டோகிராபர் ஏணிமேல் நிற்கிறார், வெயில் மண்டையைப் பிளக்கிறது, பாடகர் குழுவில் ஒருவரைக் காணவில்லை. தனக்குத் தனிப்பாட்டு கொடுக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அக்கா போய் முக்கால் மணி நேரம் கழித்து அவரைக் கூட்டிவந்தார், லுங்கியோடு. துணி மாற்ற விட்டால் மனசும் மாறிவிடும் என்று அப்படியே இழுத்துவந்திருக்கிறார். முன் வரிசையில் போதகரின் வெள்ளை அங்கிக்குப் பக்கத்தில் அந்த நீலக் கட்டம் போட்ட லுங்கி இன்றும் பளிச்சென்று தெரிகிறது.

அக்கா காசிமேட்டில் கருவாடு விற்பவர். கணவர் இறந்து வெகுகாலம், ஒரே மகள். சபையில் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. வசனம் சொல்லி யாருக்கும் புத்தி சொன்னதும் இல்லை. யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், "அத்தெல்லாம் வுடுபா" என்பார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வழி, போய் உட்கார்ந்துவிடுவது. வியாபாரம் முடிந்த கையோடு, மிச்சக் கருவாட்டுக் கூடையோடு.

எனக்கே அது நடந்தது. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் பூசணிக்காய், முட்டை, கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவோம். ஒரு வருஷம் நான் ஆசைப்பட்டுக் கேட்ட சேவலை, ஹார்பரில் வின்ச் டிரைவராக இருந்து ரிட்டையரான ஒருவர், எல்லோரும் வின்ச் அண்ணன் என்போம், வேண்டுமென்றே ஏற்றிக் கேட்டு எடுத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சேவலுக்காக நான் மூன்று வாரம் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்தார். கூடையை ஹாலில் ஃபேனுக்கு நேர்கீழே வைத்தார்.

"கூடைய வெளிய வெக்கலாமேக்கா," என்றாள் என் மனைவி.

"வெளிய பூன கீது கண்ணு."

பிறகு அக்கா டிவியில் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனமாகப் பார்த்தார். அரை மணி நேரத்தில் சோபா, திரைச்சீலை, பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் நெத்திலி வாசம். மனைவி ஜன்னல்களைத் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு வரேன்க்கா," என்றேன்.

"வந்து?"

"அவருகிட்ட பேசறேன்."

"அவரு சேவல அடிச்சி கொயம்பு வெக்கறாராம். உனுக்கு ஒரு தூக்கு எடுத்தாறேன்னாரு. வாங்கிக்க, மூஞ்ச திருப்பாத," என்று சொல்லிக் கூடையைத் தூக்கினார். என் வீட்டுக்கு வருமுன் அவர் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

வின்ச் அண்ணனும் நானும் அன்றிலிருந்து நெருக்கமாகிவிட்டோம். பிற்பாடு ஒரே கட்சியாகவும் ஆனோம். அக்கா சேர்த்துவைத்த நாங்களே அவருக்குப் பெரிய தலைவலியாகப் போனோம்.

சபை பிளந்தது ஒரு கிண்ணத்தால். திருவிருந்தில் எல்லோரும் பகிர்ந்து குடிக்கும் திராட்சை ரசத்துக்கு எங்கள் வழக்கத்தில் ஒரே வெள்ளிக் கிண்ணம். போதகர் அதை ஒவ்வொருவர் உதட்டிலும் வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, அடுத்தவருக்குக் கொடுப்பார். கொரோனா வந்தபோது அது நின்றது. மறுபடி கோயில் திறந்ததும் ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணம் வந்தது. பயம் தெளிந்த பிறகு ஹெட்மாஸ்டர் சார் எழுந்து, பழையபடி ஒரே கிண்ணம் வேண்டும் என்றார். ரிட்டையரான ஹெட்மாஸ்டர், எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர். எனக்கோ கூடப்பிறந்த அண்ணனைக் கொரோனா கொண்டுபோயிருந்தது. முகத்தைக்கூட சரியாகக் காட்டாமல் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் எச்சிலை ஒருவர் குடிப்பது விசுவாசமா என்று நான் கேட்டேன். ஆண்டவரின் பந்தியை எச்சில் என்கிறானே என்று அவர் அழுதுவிட்டார். இரண்டு பேரும் சொன்னது பொய்யில்லை, அதனால்தான் அது முடியவில்லை.

போதகர் பாவம், இளவயதுக்காரர். ஒரு மாதம் பலிபீடத்தின் இந்தப் பக்கம் வெள்ளிக் கிண்ணம், அந்தப் பக்கம் சின்னக் கிண்ணங்கள் என்று வைத்துப் பார்த்தார். இரண்டு வரிசை உண்டாயிற்று. யார் எந்த வரிசை என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அக்கா மட்டும் கடைசிவரை பெஞ்சிலேயே இருந்து, எல்லோரும் முடித்த பிறகு போய், எதில் மிச்சமோ அதில் குடித்தார். அதற்கும் இரண்டு பக்கமும் அவரைத் திட்டினார்கள்.

போதகர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அடுத்தவரை யாரும் அனுப்பவில்லை. ஒரு சனிக்கிழமை ஹெட்மாஸ்டர் தரப்பு கோயில் கதவில் ஒரு பூட்டு போட்டது. மறுநாள் நாங்கள் அதற்குமேல் இன்னொரு பூட்டு போட்டோம். போலீஸ் ஸ்டேஷன்வரை போய், இரண்டு பூட்டும் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் வந்து திறந்து, வெளியூரிலிருந்து வரும் போதகரை வைத்து ஆராதனை நடத்தட்டும் என்று முடிவானது. நாங்கள்தான் சபை, அவர்கள் பிரிந்துபோனவர்கள் என்று கோர்ட்டில் நாங்கள் வழக்கும் போட்டோம். எங்கள் பூட்டின் சாவி என்னிடம். நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், சபைக்குச் செயலாளரும் நான்தான்.

அப்போது அக்காவைப் பார்க்க வேண்டும். ஞாயிறு விடியற்காலையே ஹெட்மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டி அவரை எழுப்பி, பிறகு என் வீட்டுக்கு வந்து என்னை எழுப்புவார். எங்களைச் சேர்ந்து நடக்கவைக்க அவரால் முடியவில்லை. எனக்குப் பத்தடி முன்னால் சார், நடுவில் அக்கா, பின்னால் நான். இந்தப் பக்கம் திரும்பி, "வேகமா வா தம்பி," என்பார். அந்தப் பக்கம் திரும்பி, "மெதுவா போங்க சார்," என்பார். எங்கள் இடைவெளி குறைந்தால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அதைப் பார்த்தே நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்திருக்கிறேன். அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் அவர் மகளுக்கு எண்ணூரில் மாப்பிள்ளை அமைந்தது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நல்ல பையன். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். பேர்தான் ஓலை, காகிதம்தான். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஆராதனை நடுவில் சபையைக் கேட்பார். கேட்டுவிட்டுச் சற்று நிற்பார். யாரும் பேசமாட்டார்கள். பெண்ணின் சபையிலும் மாப்பிள்ளையின் சபையிலும் இது நடந்தாக வேண்டும். எண்ணூரில் மூன்றும் முடிந்துவிட்டது. எங்கள் கோயிலில் முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் எப்படியோ வாசித்தாயிற்று. மூன்றாவது, மாதத்தின் முதல் ஞாயிறில் வந்து விழுந்தது. முதல் ஞாயிறு திருவிருந்து. அதுவரை அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம், இந்த மாதம் கட்டாயம் உண்டு என்று வெளியூர்ப் போதகர் சொல்லிவிட்டார்.

எந்தக் கிண்ணம் என்று தெரியாமல் பூட்டைத் திறக்கமாட்டேன் என்றார் சார். நானும் அதையேதான் சொன்னேன். வெளியூர்ப் போதகர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றே நாங்கள் வின்ச் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் ஆராதனை நடத்தினோம். அவர்கள் எதிரே, சார் டியூஷன் எடுக்கும் ஷெட்டில் நடத்தினார்கள். கோயில் இருக்கும் அந்தச் சந்தில் இரண்டு மைக்செட்டும் ஒன்றோடொன்று மோதி, ஒரு பாட்டும் புரியவில்லை.

இரண்டு தரப்பும் அக்காவைக் கூப்பிட்டன. எங்களிடம் வந்தால் எங்கள் பிரசங்கியாரை வைத்து மூன்றாம் ஓலையை வாசித்துவிடுகிறோம் என்றோம். அவர்களும் அதையே சொன்னார்கள். அக்கா இரண்டுக்கும் ஒப்பவில்லை.

"இஷ்டமில்லாதவங்க சொல்லுங்கோன்னு கேக்கறது அது. பாதி பேர்கிட்ட கேட்டா இன்னா அர்த்தம்? மீதி பேரு பேசவே கூடாதா?" என்றார்.

அவருக்கு உதவி செய்கிறோம் என்று நாங்கள் செய்ததுதான் மகா முட்டாள்தனம். மூன்று ஓலையும் முறைப்படி வாசிக்கப்பட்டது என்று சபைத் தாளில் ஒரு கடிதம் டைப் அடித்து, முத்திரை வைத்து, நான் கையெழுத்துப் போட்டு எண்ணூருக்கு அனுப்பினேன். அக்கா கேட்கவில்லை, நானாகத்தான் அனுப்பினேன். அதே தபாலில் சார் தரப்பும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது, வேறு முத்திரையோடு. ஒரு கடிதம் போயிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். இரண்டு போனதால் எண்ணூர்ப் போதகர் இரண்டையும் மடித்து அக்கா கையில் கொடுத்துவிட்டார். எது உங்கள் சபை என்று எனக்குத் தெரியவில்லையே அம்மா, வரும் ஞாயிறு உங்கள் சபை முழுவதற்கும் முன்னால் மூன்றாம் ஓலை வாசிக்கப்படட்டும், செயலாளர் போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், புதன்கிழமை கல்யாணத்தை நடத்திவைக்கிறேன் என்றாராம். மண்டபம் பேசியாயிற்று. பத்திரிகை கொடுத்தாயிற்று. பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

சனிக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தார். கூடை இல்லாமல் வந்தார்.

"பத்து நிமிசம் தொற தம்பி. கிண்ணமே வாணாம். ஓலைய படிச்சிட்டு பூட்டிக்கலாம்."

"அவங்க தொறக்கட்டும்க்கா, நானும் தொறக்கறேன்."

"அவரும் இதான் சொல்றாரு."

"வின்ச் அண்ணன் ஒத்துக்க மாட்டாரு. முதல்ல தொறந்தா கேஸ்ல நம்ம பக்கம் வீக்காயிடும்னு வக்கீல் சொல்லியிருக்காரு."

"பொண்ணு அயுதுகினு கீது தம்பி," என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கலாம்தான். திறந்தால் என் ஆட்கள் என் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்கள் என்று பயந்தேன். இத்தனை வயதில் ஒரு சந்துக்குள் தனியாகிவிடுவோமோ என்று ஒரு பயம். அதை மறைத்து, மறுபடியும் வக்கீலைத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் எங்கள் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது அக்கா சந்தின் நடுவில், பூட்டிய கோயில் வாசலுக்கு எதிரே வந்து நின்றார். கையில் ஒரு நோட்டுத் தாள். தலையில் முக்காடு. மகள் பக்கத்தில் நின்றாள். அவர் வாய் அசைந்தது, இரண்டு மைக்குக்கும் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. ஷெட்டின் வாசலுக்கு ஹெட்மாஸ்டர் சார் வந்தார். பார்த்தார். உள்ளே திரும்பிக் கையைக் காட்டினார். அவர்களுடைய மைக் நின்றது. நான் எழுந்துபோய் எங்களுடையதை நிறுத்தினேன். வின்ச் அண்ணன் என்னை முறைத்தார்.

அக்கா முதலிலிருந்து வாசித்தார். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். மகள் பேர், மாப்பிள்ளை பேர், எண்ணூர். "இவுங்க ரெண்டு பேருக்கும் நடக்கப்போற விவாகத்துக்கு தட ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. இது மூணாவது ஓல." பிறகு தாளை மடித்துக்கொண்டு எங்கள் மாடியைப் பார்த்தார். திரும்பி ஷெட்டைப் பார்த்தார். போதகர் நிற்கிற நேரத்தைவிட அதிகமாகவே நின்றார். மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரி ஒன்று போனது. எங்களில் யாரும் பேசவில்லை, அவர்களிலும் யாரும் பேசவில்லை. இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட அந்த நேரத்தில் நம்பினேன்.

மறுநாள் திங்கட்கிழமை அக்கா மகளோடு என் வீட்டுக்கு வந்தார். எண்ணூர்ப் போதகரிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகவும், செயலாளர் தம்பி பொய் சொல்லாது, அதையே கேளுங்கள் என்று என் நம்பரைக் கொடுத்ததாகவும் சொன்னார். இனி யார் எதைக் கேட்டாலும் முதலில் எந்தத் தரப்பு என்று தெளிவுபடுத்திக்கொண்டு பேசுங்கள் என்று வக்கீல் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார். பல மாதமாக எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகியிருந்தது. பால் கணக்கு கேட்க வந்தவனிடம்கூட எந்தத் தரப்பு என்று கேட்கிற நிலைமை. போன் அடித்தது. அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம் தம்பி. ஒரே ஒரு கேள்விதான். நேத்து உங்க சபைக்கு முன்னால மூணாம் ஓலை வாசிச்சாங்களா?"

"எந்தச் சபைங்க ஐயா?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

"இல்லைங்க ஐயா, ரெண்டு சபையும் கேட்டிச்சு. எல்லாரும் கேட்டாங்க."

"ரெண்டு சபையா தம்பி?"

அதற்கு என்ன சொல்வது? இல்லை, ஒரே சபைதான் என்றால் எங்கள் வழக்கு போயிற்று, ஆமாம் என்றால் அக்கா மகள் கல்யாணம் போயிற்று. நான் யோசித்தேன். யோசிக்கவேண்டிய கேள்வியா அது? அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் உங்களைக் கஷ்டப்படுத்தலை, வெச்சிடறேன்," என்று வைத்துவிட்டார்.

மகள் எழுந்து வெளியே போனாள். அக்கா மட்டும் இருந்தார். என்னைத் திட்டியிருக்கலாம். என் மனைவி, "மன்னிச்சிடுங்கக்கா," என்று அழுதாள்.

"வுடு கண்ணு. தம்பி இன்னா பண்ணும், பயகிப்போச்சி," என்றார்.

புதன்கிழமை கல்யாணம் நடக்கவில்லை. தாயும் மகளும் எண்ணூர்ச் சபையில் அங்கத்தினராகச் சேர்ந்தார்கள். சில மாதம் கழித்து, அங்கேயே பெண்ணுக்கும் சேர்த்து முதல் ஓலையிலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்கள். அக்கா வீட்டையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டார். எங்கள் கோயிலில் பூட்டு இரண்டும் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன, வழக்கு வாய்தாவில் இருக்கிறது.

மூன்றாம் ஓலை அன்று மனம் கேட்காமல் எண்ணூருக்குப் போனேன். கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். போதகர் தடை உண்டா என்று கேட்டார், யாரும் பேசவில்லை, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆராதனை முடிந்து எழுந்தபோதுதான் அதே பெஞ்சின் மறுகோடியில் ஹெட்மாஸ்டர் சாரைப் பார்த்தேன். அவரும் என்னை அப்போதுதான் பார்த்தார். ஒரே வாசல்தான் இருந்தது. ஒருவரை ஒருவர் இடிக்காமல் ஒரே நேரத்தில் வெளியே வந்தோம்.

வாசலில் அக்கா நின்றிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் அவர் முகம் அப்படி மலர்ந்தது. ஓடிவந்து ஒரு கையில் என் கையையும், ஒரு கையில் சாரின் கையையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?"

"இல்ல," என்றார் சார். அதே நேரத்தில் நானும் அதையேதான் சொன்னேன்.